சேர்மன் ஜீப்பில் போன எதிர் ஓட்டு

செல்போனில் நீங்கள் பார்த்துச் சிரித்த அந்த வீடியோவில், கல்யாண மண்டபத்து வாசலில் நிற்கிற ஜீப்பை ஓட்டியவன் நான்தான். முகம் தெரியவில்லை என்று பெரியவன் சொன்னான். கண்ணாடியில் வெயில் அடிக்கிறது, அதனால் தெரியவில்லை. உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருப்பது நான், உங்களைப் பெற்ற அத்தா. 'சேர்மன் டூட்டியில் இருக்கிறார்' என்று அதில் எழுத்து ஓடுகிறது, பின்னால் நாதஸ்வரம். பழைய வீடியோ. மறுபடி தேர்தல் பேச்சு வந்ததும் யாரோ கிளப்பிவிட்டு, உங்கள் பள்ளிக்கூடம் வரைக்கும் வந்திருக்கிறது.

அதில் சொல்வது பொய்யா அத்தா என்று சின்னவள் கேட்டாள். பொய் இல்லைம்மா. ஆனால் அந்த ஜீப் அந்தச் சேர்மனுக்காகக் கடைசியாக ஓடின நாள் எந்த வீடியோவிலும் இல்லை. அன்றைக்கு ஓட்டினவனும் நான்தான். அதனால் எழுதி வைக்கிறேன்.

அவர் திண்டுக்கல்லுக்குக் கிழக்கே ஒரு ஒன்றியத்துக்குச் சேர்மன். பேர் வேண்டாம், ஊர்ப் பேரும் வேண்டாம். எல்லாரும் நாளைக்கு நாம் முகம் பார்க்க வேண்டியவர்கள். மழையை நம்பிச் சோளமும் கடலையும் போடுகிற காட்டுப் பக்கம், அவரும் அப்படி ஒரு சம்சாரி வீட்டு ஆள்தான். கட்சியில் போஸ்டர் ஒட்டுவதில் ஆரம்பித்தவர். மேடைப் பேச்சு வராது. மைக்கைக் கையில் கொடுத்தால் 'எல்லாருக்கும் வணக்கம்' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அப்படிப்பட்டவர் எப்படிக் கவுன்சிலராகி, சேர்மன் நாற்காலி வரைக்கும் போனார் என்றால், சாவு வீட்டு வழியாகத்தான் போனார்.

நல்லதுக்கு அழைக்காமல் போகக்கூடாது, கெட்டதுக்கு அழைப்பார்கள் என்று நிற்கக்கூடாது என்பார்கள் நம் பக்கத்தில். செய்தி காதில் விழுந்தால் கிளம்பிவிட வேண்டும். அந்த வீட்டு வாசலில் பந்தல் போட்டு, செத்தவரின் மகன்களும் பங்காளிகளும் வரிசையாகப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். வருகிற ஆண்கள் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டே வருவார்கள். பெஞ்சில் இருப்பவர்கள் அந்தக் கைகளைத் தொட்டு அனுப்புவார்கள். பேச்சு கிடையாது. அதுதான் துக்கம் கேட்பது. இவர் கை நீட்டாத வாசல் அந்த ஒன்றியத்தில் இல்லை. என்ன சாதி, எந்தக் கட்சி, ஓட்டுப் போட்டவனா போடாதவனா என்று பார்க்கமாட்டார். என் அத்தா மவுத்தானபோது, பள்ளிவாசலுக்கு வெளியே நின்று, எங்களோடு கபர்ஸ்தான் வரைக்கும் நடந்து, மற்றவர்களைப் பார்த்துத் தானும் மூன்று பிடி மண் போட்டார். அப்போது நான் வாடகை வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகுதான் ஒன்றியத்தில் ஒப்பந்த டிரைவராகச் சேர்ந்து அவருக்கு வண்டி ஓட்டினேன்.

சேர்மன் ஆனதும் சாவோடு கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கடை திறப்பு எல்லாம் சேர்ந்துகொண்டது. ஒரு தடவை ஆயக்குடியில் கொய்யா வியாபாரி ஒருவர் வீட்டுக் காதுகுத்துக்குப் போனோம். அது எங்கே, எங்கள் ஒன்றியம் எங்கே. அழைத்துவிட்டார்கள், போகாமல் இருக்கக்கூடாது என்றார். எரிந்தது அரசாங்கத்து டீசல். செத்தவர்களுக்குப் போட்ட மாலைகூட ஆபீஸ் செலவில்தான் ஏறியது. ஆபீஸில் அவர் நாற்காலியில் துண்டு மட்டும் கிடக்கும். கூட்டம் நடந்தால் வந்து உட்காருவார், எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டுவார். ஜனங்கள் கொடுத்த மனுக்கள் ஜீப்பின் பின்சீட்டில் சால்வைகளுக்கு அடியில் நசுங்கிக் கிடக்கும். பள்ளிக்கூடத்துக் கூரைக்குப் போக வேண்டிய காசு இந்த ஜீப்பின் புகையில் போகிறது என்று ஒருத்தர் சொன்னார். அதுவும் பொய் இல்லை.

ஒரு நாள் குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு துக்கத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, கொஞ்ச நேரம் ஆபீசுக்குப் போய்விட்டு வீட்டுக்குப் போகலாமே அண்ணே என்று நானே கேட்டுவிட்டேன். தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் மடித்து வைத்தார். அப்புறம் சொன்னார்:

"ஆபீசுக்குப் போனா ஆளாளுக்கு ஒண்ணு கேப்பாக பாய். எதை எப்பிடி வாங்கிக் குடுக்கணும்னு எனக்குத் தெரியல. சாவு வீட்டுல யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாக. போயி உக்காந்தாப் போதும்."

கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இதில் ரொம்ப அடிபட்டது ஒரு ஓடைக்கரை ஊர். அந்த ஊருக்குப் போகிற ரோட்டைக் காட்டோடை ஒன்று குறுக்கே அறுத்துக்கொண்டு போகும். பாதி வருசம் வெறும் மணல். மேற்கே மழை பெய்தால் செந்தண்ணி இறங்கும். டவுன் பஸ் இந்தக் கரையோடு திரும்பிவிடும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்தக் கரையில் நின்று பஸ்ஸைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகும். தரைப்பாலம் ஒன்று கேட்டார்கள். கட்டித் தருகிறேன் என்றார். எஸ்டிமேட் மேலே போய், ஏதோ திருத்தம் வேண்டும் என்று திரும்பி வந்தது. அதைத் திருத்தி எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்கு நாலு நடை நடந்திருந்தால் முடிந்திருக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். கலெக்டர் ஆபீஸ் வாசல் வழியாக எத்தனையோ துக்கத்துக்குப் போயிருக்கிறோம். வண்டியை உள்ளே திருப்பச் சொன்னதில்லை.

அந்த ஊர்க் கவுன்சிலர் வயதில் இளையவர். டிராக்டர் சாமான் கடை வைத்திருந்தார். ஒரு காலத்தில் 'அண்ணே அண்ணே' என்று இவருக்குத் தேர்தல் வேலை பார்த்தவர்தான். பாலத்துக்கு நடையாய் நடந்து சலித்துப்போய், ஒரு கூட்டத்தில் எல்லார் முன்னாலும் எழுந்துவிட்டார்.

"எங்க ஊருக்கு சேர்மன் வரணும்னா யாராச்சும் சாகணும். யாரச் சாகச் சொல்லட்டும்னு சொல்லுங்க, ஊருல கேட்டுட்டு வாரேன்."

கவுன்சிலர்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். இவரும் கூடச் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. அந்தப் பேச்சு செல்போன் செல்போனாகச் சுற்றியது. 'துக்கச் சேர்மன்' என்று பேரே விழுந்துவிட்டது. டீக்கடையில் என்னைக் கண்டால், என்ன பாய், இன்னைக்கு எந்த ஊருல எழவு என்பார்கள்.

பிறகு அந்த இளைய கவுன்சிலரே முன்னால் நின்று நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார். ஐந்து பேருக்கு நாலு பேர் என்ற கணக்கில் கவுன்சிலர்கள் எதிர்த்து ஓட்டுப் போட்டால்தான் சேர்மன் இறங்குவார். அவர்களிடம் சரியாக அந்த அளவுக்குத்தான் ஆள் இருந்தது. ஒருத்தர் வராவிட்டாலும் தீர்மானம் விழுந்துவிடும். விழுந்தால் லேசில் மறுபடி கொண்டுவர முடியாது. அதனால் தங்கள் ஆட்கள் எல்லாரையும் வேனில் ஏற்றி வெளியூர் லாட்ஜில் வைத்துக்கொண்டார்கள். யாரையாவது ஒருத்தரைப் பிரித்து இழுக்க முடியுமா என்று சேர்மனின் மச்சினன் அலைந்தார். அக்கா புருசனின் அரசியல், செலவு எல்லாம் பார்த்துக்கொண்டது அந்த மச்சினன்தான். ஒருத்தரும் மசியவில்லை. சேர்மன் போனால் உங்கள் வேலையும் போகுமா என்று உங்கள் அம்மா கேட்டாள். போகாது என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லை.

கூட்டம் வைத்தது காலை பதினொரு மணிக்கு. முந்தின நாள் சாயங்காலமே மேற்கே மழை பிடித்துவிட்டது. காலையில் சேர்மன் வீட்டுக்குப் போனபோது வாசல் நிறையக் கட்சிக்காரர்கள். ஒருத்தரும் சத்தமாகப் பேசவில்லை, ஆனால் முகங்களில் ஒரு தெளிச்சி. மச்சினன்தான் சொன்னார். அந்த இளைய கவுன்சிலரின் தாயார் விடியக்காலம் இறந்துவிட்டார். மகன் லாட்ஜிலிருந்து கிளம்பி ஊருக்கு வந்துவிட்டார். அவர்தான் மூத்த பிள்ளை. பிணம் எடுக்கிறவரைக்கும் வாசலைத் தாண்ட முடியாது. கூட்டத்தைத் தள்ளிவைக்கவும் வழியில்லை. ஒரு ஓட்டு போச்சு. யாரோ ஒருத்தர் கையைத் தட்டப் போனவர், மற்றவர்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

சேர்மன் உள்ளிருந்து சட்டையை மாட்டிக்கொண்டே வந்தார். எப்போது தவறியது என்று மட்டும் கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வண்டிய எடு பாய்."

மச்சினன் குறுக்கே வந்து நின்றார். இன்றைக்கு ஒரு நாள் போகவேண்டாம், அவன் கூட்டத்தில் சொன்னது மறந்துபோச்சா, அங்கே கால் வைத்தால் அடிப்பான், பேசாமல் கூட்டத்தில் போய் உட்காருங்கள் மாமா என்று கெஞ்சினார். சேர்மன் அவரை விலக்கிவிட்டு ஜீப்பில் ஏறினார். வழியில் மாலை வாங்கினார். அன்றைக்குப் பில் கேட்கவில்லை, சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

ஓடையில் தண்ணீர் முழங்காலுக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. கவுன்சிலரை அழைத்துப்போக அவர் கூட்டாளிகள் அனுப்பின கார், இறங்கப் பார்த்து இன்ஜினுக்குள் தண்ணீர் ஏறி, மூக்கை ஓடையில் வைத்துக்கொண்டு நின்றது. ஊரில் இருந்த ஒரே டிராக்டர் அதைப் பின்னால் இழுத்துக்கொண்டிருந்தது. எங்கள் ஜீப் உயரம். மெதுவாக இறக்கி ஏற்றிவிட்டேன். அந்தக் கரையில் நின்ற ஜனங்கள் வழிவிட்டார்கள். ஒருத்தரும் வணக்கம் சொல்லவில்லை.

துக்க வீட்டில் கொட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஜீப்பைப் பார்த்ததும் அதுவும் தேய்ந்து நின்றது. பெஞ்சில் முதல் ஆளாக அந்தக் கவுன்சிலர், சட்டையில்லாமல், தோளில் துண்டோடு. கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"வந்துட்டாருய்யா. நம்ம கவுன்சிலரு சொன்னபடியே வந்துட்டாரு."

சேர்மன் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நடந்தார். கவுன்சிலர் தொடவில்லை. நீட்டின கை நீட்டினபடியே நிற்கிறது. நான் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு வண்டியை ஒட்டி நின்றேன். ஒருத்தன் கையை ஓங்கினால் அவரை எப்படி வெளியே கொண்டுவருவது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த பங்காளி முழங்கையால் இடித்தார். அதற்குப் பிறகு கவுன்சிலர் விரல் நுனியால் தொட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். சேர்மன் ஐஸ் பெட்டி மேல் மாலையை வைத்துவிட்டு, ஓரத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார், எல்லா ஊரிலும் உட்காருகிற மாதிரி.

கவுன்சிலரின் செல்போன் அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எழுந்து, ஓடையை நடந்தே தாண்டி, அந்தக் கரையில் யாராவது மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொள்வார்களா பார்க்கிறேன் என்றார். அவருடைய சித்தப்பா தோளைப் பிடித்து உட்காரவைத்தார். பெத்தவள் கிடக்கும்போது ஓட்டுப் போடப் போனான் என்று ஊர் காறித் துப்பும் என்றார். உள்ளேயிருந்து பெண்கள் வேறு சத்தம் போட்டார்கள். கவுன்சிலர் சித்தப்பாவைப் பார்த்துத்தான் பேசினார், ஆனால் அது ஓரத்து நாற்காலிக்கும் கேட்டது.

"ஆம்புலன்சு அந்தக் கரையிலயே நின்னுச்சு சித்தப்பா. கட்டில்ல வச்சுத் தூக்கிட்டு ஓடைக்குள்ள எறங்கினோம்னு சொன்னாக. பாதியில போயிருச்சு ஆத்தா. நான் எதுக்குப் போறேன்னு நெனைக்கிறீரு."

இது எங்களுக்குத் தெரியாது. மச்சினன் சொன்ன செய்தியில் இது இல்லை. பாலம் இருந்திருந்தால் அந்த அம்மா பிழைத்திருப்பாரா என்று எந்த டாக்டரும் சொல்லமுடியாது. ஆனால் ஆம்புலன்ஸ் ஏறியிருப்பார். சேர்மன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது இரண்டும் சிவந்து போயிருந்தது. அங்கிருந்து எழுந்து போய்விடுவார் என்று நினைத்து நான் ஜீப்பின் கதவைத் திறந்தேன்.

அவர் எழுந்து சித்தப்பாவிடம் போய், பொறந்த வீட்டுக் கோடி எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். இறந்த பெண்ணுக்கு அவள் கூடப்பிறந்தவர்கள் கொண்டுவருகிற புதுச்சேலைதான் கோடி. நெய்க்காரப்பட்டியிலிருந்து வரணும் என்றார்கள். தாய்மாமனுக்குப் போன் போடச் சொன்னார். அந்த மாமன் சத்தமாகப் பேசுகிறவர், எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

"இப்பத்தானுங்க பழனி தாண்டுறோம். வழியெல்லாம் மழைங்க. வந்து சேர மத்தியானத்துக்கு மேல ஆயிருமுங்க."

சேர்மன் சித்தப்பாவிடம் நிதானமாகச் சொன்னார். கோடி வராமல் பிணத்தைக் குளிப்பாட்டுகிற நீர்மாலைத் தண்ணீர் எடுக்கமுடியாது, நீர்மாலை எடுக்காமல் பிணம் தூக்கமுடியாது. மூத்தவன் கட்டாயம் வேண்டியது நீர்மாலைக்குத்தான். அதுவரைக்கும் அவனுக்குப் பெஞ்சில் கை தொடுகிற வேலைதான். வேறு எதில் அவர் வார்த்தைக்கு மதிப்பு இல்லாவிட்டாலும் இதில் இருந்தது. எதிர்த்துப் பேச அந்தப் பந்தலில் ஆள் இல்லை. பிறகு கவுன்சிலர் பக்கம் திரும்பினார்.

"நீ போயிட்டு வா அப்பு. என் வண்டியிலயே போ. ஒன் எடத்துல நான் உக்காந்துருக்கேன்."

சித்தப்பாதான் முதலில் வாய் திறந்தார். "ஏய்யா, ஒம்மைய எறக்கத்தான அவன் போறான்."

"தெரியும்ணே. எழவு வீட்டுல அதப் பேசவேணாம்."

கவுன்சிலர் அவரைப் பார்த்தார், ஜீப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நடுவழியில் இறக்கிவிடுவதற்கு ஏற்பாடோ என்று அவர் நினைத்தது முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. அவருக்கு வேறு வழியும் இல்லை. சேர்மன் என்னிடம் வந்து, ஓடையில் கியர் மாற்றாதே, மிதியை விடாதே, வெரசாப் போ என்று சொன்னார். நான் வண்டியைத் திருப்பும்போது, அவர் சட்டையைக் கழற்றித் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பெஞ்சில் முதல் ஆளாக உட்கார்ந்துவிட்டார்.

ஓடைக்கு முன்னால் என் செல்போன் அடித்தது. மச்சினன். யார் சொல்லித் தெரிந்ததோ. அவர் குரல் வெளியே வழிந்தது, பின்னால் இருந்தவர் காதிலும் விழுந்திருக்கும்.

"பாய், ஓடைக்குள்ள வண்டி நின்னா ஒன்னைய யாரு கேக்கப் போறா. நின்னுருச்சுன்னு சொல்லு. ஒனக்கும் பிள்ளைகுட்டி இருக்குல்ல."

போனைக் கீழே போட்டுவிட்டு ஓடையில் இறங்கினேன். காலையில் பார்த்ததைவிடத் தண்ணீர் ஏறியிருந்தது. நடுவில் போனதும் ஸ்டியரிங் கையில் நிற்கவில்லை, வண்டியின் பின்பக்கத்தைத் தண்ணீர் ஒருபக்கமாகத் தள்ளியது. இன்ஜின் சத்தம் கம்மியது. அந்த இடத்தில் மிதியைக் கொஞ்சம் விட்டிருந்தால் போதும், அதற்கு மேல் நான் ஒன்றும் செய்யவேண்டியதில்லை. ஓடையே மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். சேர்மன் சேர்மனாகவே இருப்பார், நானும் டிரைவராக இருப்பேன். உங்கள் இரண்டு பேர் முகமும் வந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் இன்னொரு ஆள் அந்தப் பெஞ்சில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறாரே. வண்டி நின்றுவிட்டது என்று திரும்பிப் போய் நான் அவரிடம் எப்படிச் சொல்வது. மிதியை அழுத்திப் பிடித்தேன். டயர் கல்லைக் கவ்வியது, கரை ஏறினோம்.

ஏறின பிறகுதான் கவுன்சிலர் பேசினார்.

"நான் ஓட்ட மாத்திப் போடமாட்டேன் பாய்."

"அண்ணன் கூட்டிட்டுப் போகச் சொன்னாரு. கூட்டிட்டுப் போறேன்."

ஒன்றிய ஆபீஸ் வாசலில் போலீஸ் நின்றது. சேர்மன் ஜீப் வருவதைப் பார்த்ததும் எதிரணிக் கவுன்சிலர்கள் முகம் விழுந்துவிட்டது. கதவைத் திறந்துகொண்டு செருப்புகூட இல்லாமல், தோளில் துண்டோடு அந்த இளைய கவுன்சிலர் இறங்கினபோது வாசலில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். உள்ளே போனார்கள். கதவைச் சாத்தினார்கள். ஜன்னல் வழியாகச் சேர்மன் நாற்காலி தெரிந்தது, அதன் மேல் அந்தத் துண்டு. தனக்காகப் பேச சேர்மனுக்கு அன்றைக்கு உரிமை இருந்தது. அந்த நேரத்தில் வேறு ஒருத்தர் தாய்க்காகக் கை தொட்டுக்கொண்டிருந்தார்.

ரொம்ப நேரம் ஆகவில்லை. வெளியே வந்ததுமே கூட வந்தவன் ஒருத்தன் சரவெடியைப் பிரித்தான். கவுன்சிலர் அவனை ஒரு பார்வை பார்த்தார். அவன் வெடியைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டான்.

திரும்பும்போது அவர் முன்சீட்டில் உட்கார்ந்தார். பாதி வழியில் கேட்டார்:

"நான் அன்னைக்குக் கூட்டத்துல சொன்னதப் பத்தி, வண்டியில வரும்போது எதும் சொல்லியிருக்காரா?"

"இல்ல."

"ஒரு வார்த்தகூடவா?"

"இல்லண்ணே."

வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டார். ஓடை வரைக்கும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

பந்தலில் சேர்மன் அதே பெஞ்சில் இருந்தார். யார் யாரோ கை நீட்டிக்கொண்டு வர, இவர் தொட்டுத் தொட்டு அனுப்பிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து இடத்தை விட்டார். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்திருக்கும்.

"கோடி ஓடைக்கு வந்துருச்சு அப்பு. டிராக்டர்ல ஏத்திட்டு வாராக. போயி மொகத்தக் கழுவு, நீர்மாலைக்கு நேரமாச்சு."

கவுன்சிலர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கொட்டுச் சத்தம் எழும்பிவிட்டது. உள்ளே போய்விட்டார்.

சுடுகாடு வரைக்கும் நடந்து போய்விட்டுச் சேர்மன் திரும்பி வந்தார். நான் ஜீப்பின் கதவைத் திறந்து பிடித்தேன். அவர் ஏறவில்லை.

"வேணாம் பாய். தீர்மானம் பாஸானப்பவே இது என் வண்டி இல்ல. வண்டிய ஆபீசுல விட்டுட்டு, சாவியக் குடுத்துரு."

தண்ணீர் இன்னும் இறங்கவில்லை என்று சொன்னேன். கேட்காமல் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வேட்டியைத் தூக்கிக் கட்டி ஓடையில் இறங்கிவிட்டார்.

அந்த இடத்தில் இப்போது பாலம் இருக்கிறது. உங்கள் அம்மாவின் சித்தி வீட்டுக்குப் போகும்போது நாம் அதன் மேல்தான் போகிறோம். அவர் கட்டின பாலம் இல்லை. அடுத்துச் சேர்மனாக வந்த அந்தக் கவுன்சிலர்தான் அலைந்து திரிந்து கட்டினார். என்னையும் வண்டியில் வைத்துக்கொண்டார். அதனால் யாராவது பழைய சேர்மன் ஒன்றும் செய்யவில்லை, டீசலை எரித்தார் என்றால், நீங்கள் அவர்களோடு சண்டைக்குப் போகவேண்டாம்.

அன்றைக்குத் தண்ணீர் தொடை வரைக்கும் இருந்தது. நடு ஓடையில் அவர் நின்றுவிட்டார். கால் ஊன்ற இடம் தேடுகிறார் என்று தெரிந்தது. கரையில் நின்ற ஒரு அம்மா பக்கத்தில் இருந்தவளிடம், எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"இன்னைக்குத்தான் சேர்மனுக்குக் கால் நனைஞ்சிருக்கு."

நாலைந்து பேர் சிரித்தார்கள். அவர் திரும்பிப் பார்த்தார்.

"ஆமாத்தா. நல்ல இழுப்பாத்தான் இருக்கு."

அதற்கு யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தன் கயிறு எடுக்க ஓடினான். அதற்குள் அவர் தட்டுத் தடுமாறி அந்தக் கரையைப் பிடித்துவிட்டார். அங்கே டவுன் பஸ் திரும்புவதற்கு நின்றுகொண்டிருந்தது. ஈர வேட்டியைப் பிழிந்துவிட்டு ஏறினார். கண்டக்டர் எழுந்து முன்சீட்டைக் காட்டினார். இவர் கையை ஆட்டிவிட்டு, பின்னால் போய் ஜன்னலோரமாக உட்கார்ந்தார்.

நான் காலி ஜீப்பை ஓடையில் இறக்கி ஏற்றினேன். பஸ் மெதுவாகத்தான் போனது, ரோட்டில் இடமும் இருந்தது. ஆபீஸ் வரைக்கும் நான் முந்தவில்லை.